குறையைச் சொல்லி விற்ற லேப்டாப்

மூன்று வருடங்களுக்கு முன்னால், மும்பையில் மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில் நடந்தது இது. தாராவியில் தொண்ணூறு அடி சாலையை ஒட்டி ஒரு சந்து. அதில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் சின்னக் கடை. என் மகளுக்கு மாதுங்கா பக்கம் ஒரு காலேஜில் பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. காலேஜ் திறப்பதற்குள் எப்படியாவது ஒரு லேப்டாப் வாங்கிவிட வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

எனக்கும் லேப்டாப்புக்கும் உள்ள உறவைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் தோல் பட்டறையில் பை தைக்கிறவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து லேப்டாப் பை தைக்கிறேன். எந்த அளவுக்கு எவ்வளவு பஞ்சு வைக்க வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அந்தப் பைக்குள் போகிற சாமானை அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குக் கண் தெரியாது. பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஏதோ விழித்திரை நோய் என்றார்கள். சயான் ஆஸ்பத்திரிக்கும் பரேல் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முழுவதும் போய்விட்டது.

இன்றைக்கு இதை இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கெல்லாம் என் வாயில் அந்த வார்த்தை வராது. கறுப்புக் கண்ணாடி மாட்டித்தான் வெளியே கூட்டிப் போவேன். ரயிலில் யாராவது கேட்டால் "கண்ணு வலி" என்பேன். சொந்தக்காரர்களிடம் "கொஞ்சம் மங்கல்தான், ஆபரேசன் பண்ணினா சரியாயிரும்" என்பேன். உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும், குரல் இறங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் எனக்காகக் காத்து நின்றவள் கையில், பூசை முடிந்து வந்த ஒரு அம்மாள் பத்து ரூபாயைத் திணித்துவிட்டுப் போனாள். அந்த நோட்டைப் பிடித்தபடி "இது எதுக்கும்மா?" என்று என் மகள் கேட்டாள். அன்றைக்கு என் வாய்க்குப் போட்ட பூட்டு அது.

ஆனால் அவள் படிப்பை விடவில்லை. செம்பூரில் ஒரு பயிற்சி மையத்தில் கீபோர்டு அடிக்கவும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பைப் போனை வைத்தே ஒப்பேற்றிவிட்டாள். காலேஜில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அதற்குப் போன் போதாது. உதவி கேட்டு விண்ணப்பித்த இடத்தில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுவிட்டார்கள். லேப்டாப் இல்லாவிட்டால் சேர்வதில் அர்த்தமே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்து பாய். மேஜை நிறைய லேப்டாப்புகளைத் திறந்து வைத்தார். ஒன்றை மகள் பக்கம் திருப்பி, "இதப் பாரு பேட்டா, கலர் எப்படி பளிச்சுனு இருக்கு!" என்றார். அவளை முந்திக்கொண்டு நான்தான் "நல்லாருக்கு பாய், வெல என்ன?" என்றேன். அவர் சொன்ன விலைக்கும் என் முந்தானையில் முடிந்திருந்ததற்கும் வெகுதூரம். அடுத்ததைக் காட்டினார். அதற்கும் நானே தலையாட்டினேன். இப்படியே ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் அவர் கையை விரித்துவிட்டார்.

"இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லம்மா. அந்தா மூலைல கெடக்கது ஸ்க்ரீன் ஒடஞ்சது. பார்ட்ஸுக்குன்னு போட்டு வச்சிருக்கேன்."

அதுவரை வாயே திறக்காத என் மகள் கேட்டாள்: "அங்கிள், அது ஆன் ஆவுமா? சவுண்ட் வருமா? கீ எல்லாம் வேல செய்யுமா?"

"எல்லாம் பக்கா. ஆனா ஸ்க்ரீன் இல்லாம அத வச்சி என்ன பண்ணுவ?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்குக் கண்ணு தெரியாது அங்கிள். ஸ்க்ரீன் எனக்கு வேண்டாம்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பாய் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மொதல்லயே சொல்லப்பிடாதா? இவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைட்ட கலரக் காட்டிட்டு இருந்திருக்கேனே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. பிறகு அந்த உடைந்த லேப்டாப்பை எடுத்து மேல் தட்டில் தூக்கி வைத்துவிட்டார். அதை விற்க மாட்டாராம். கண் தெரியாத பிள்ளை தலையில் உடைந்ததைக் கட்டினான் என்ற பெயர் அவருக்கு வேண்டாமாம்.

"ஊர் பேசுதது கெடக்கட்டும். மேல ஒருத்தன் கேப்பான்லா? அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நியாயமான மனிதர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய நியாயம் என் பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே நின்றது. எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"முழுசா இருக்கத வாங்க எனக்கு வழியில்ல. ஒடஞ்சதக் குடுக்க ஒங்களுக்கு மனசில்ல. பெறவு எம்பிள்ள என்னத்த வச்சிப் படிக்க?" என்று கத்தியேவிட்டேன். எதிர் டீக்கடைக்காரரும் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் செய்கிறவரும் எட்டிப் பார்த்தார்கள்.

மகள் மட்டும் பதறவில்லை. "ஒரே ஒரு தடவ ஆன் பண்ணித் தாங்க அங்கிள். நான் வேல செஞ்சி காட்டுதேன். அப்புறம் ஒங்க இஷ்டம்" என்றாள்.

என்ன நினைத்தாரோ, எடுத்து மின்சாரத்தில் செருகிக் கொடுத்தார். திரை கன்னங்கரேலென்று இருந்தது, குறுக்கே விரிசல். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் கீபோர்டைத் தடவி இடம் பிடித்தாள். ஏதோ சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். மிஷின் ஒரு பெண் குரலில் பேசத் தொடங்கியது. அதன் வேகத்துக்கு எங்கள் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டது. எதையோ திறந்தாள், விறுவிறுவென்று அடித்தாள், பிறகு அதையே நிதானமாகப் படித்துக் காட்டச் சொன்னாள். மிஷின் இங்கிலீஷில் படித்தது. பாய் சிரித்துவிட்டார்.

"அம்மா லேப்டாப் பை தைக்காவளாம். இப்ப ரொம்பக் கோவமா இருக்காவளாம்" என்று அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தெரிந்த நாங்கள் நான்கு பேர் அங்கே நின்றோம். அந்த மிஷினில் ஒரு எழுத்தை எங்களால் பார்க்க முடியாது. அதை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பாய் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. சாமானில் குறை இருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது, ஆண்டவன் அருள் இல்லாத காசு நிலைக்காது என்றார். டீக்கடைக்காரரையும் ரிப்பேர்காரரையும் சாட்சியாக உள்ளே கூப்பிட்டார். நான் வழக்கம்போல, "எனக்குத் தெரியும் பாய், எல்லாத்துக்கும் சம்மதம்" என்று முந்தினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நீங்க இல்லம்மா. படிக்கப் போறது அவ. அவதான் சொல்லணும்." பிறகு அவளிடம், "இதுல ஸ்க்ரீன் ஒடஞ்சிருக்கு, ஒண்ணும் தெரியாது. சார்ஜ் ரொம்ப நேரம் நிக்காது. இந்தக் கொறையெல்லாம் தெரிஞ்சிதான் வாங்குதியா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிதான் வாங்குதேன்" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு ஸ்க்ரீன் போச்சி, எனக்குக் கண்ணு போச்சி. ரெண்டு பேரும் ஒத்துப்போயிருவோம் அங்கிள்" என்றாள்.

டீக்கடைக்காரர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாய் ஒட்டு நாடாவை எடுத்து, விரிசல் விட்ட இடத்தில் விரல் கிழிக்காதபடி அழுத்தி அழுத்தி ஒட்டினார். ஒட்டிய பிறகு தன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

டீக்கடைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "பாவம் பாய், அந்தப் பிள்ளைக்காக இன்னும் கொஞ்சம் கொறச்சிப் போடுங்க" என்றார்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "மிஷின்ல கொற இருக்கு, அதுக்குக் கொறச்சாச்சி. பிள்ளைக்கு என்னய்யா கொற?" என்றார்.

நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அழுதுகொண்டே நடந்தேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள், "அழுது முடிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

அந்த லேப்டாப்பில்தான் மூன்று வருடமும் படித்தாள். இந்த ஏப்ரலில் கடைசிப் பரீட்சையும் எழுதிவிட்டாள். பட்டறையில் மிஞ்சிய நல்ல தோலாகப் பார்த்து எடுத்து, அளந்து, நானே அதற்கு ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியை அவள் அன்றைக்குக் கழற்றியதுதான், பிறகு மாட்டவில்லை. நானும் மாட்டச் சொல்லவில்லை. இப்போது ரயிலில் யாராவது கேட்டால், "எம்பொண்ணுக்குக் கண்ணு தெரியாது, பி.ஏ. படிச்சிருக்கா" என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சிலர் இன்னும் "ஐயோ பாவம்" என்கிறார்கள். "பிள்ளைக்கு என்ன கொற?" என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கிறேன். பெற்றவள் நான் என்றைக்கோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உடைந்த சாமானை விற்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு கடைக்காரர் வாயிலிருந்துதான் அது எனக்குக் கிடைத்தது.