ஊஞ்சல் என்ன வேலை செய்தது?

எங்கள் தாத்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எந்தச் சாமான் கண்ணில் பட்டாலும், "இது இன்னைக்கு என்ன வேலை செஞ்சுது?" என்று கேட்பார். சாமானைக் கேட்கிறாரா, பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்கிறாரா என்று புரியாது. ஆனால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சாமான் சீக்கிரமே தேவைப்பட்ட யார் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்துவிடும்.

தாத்தாவும் ஆச்சியும் சேரன்மாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்தார்கள். ஒரு காலத்தில் நிறைய வயல் வைத்திருந்த குடும்பம்தான். பங்கு பிரிந்து பிரிந்து, கடைசியில் சாப்பாட்டுக்கு மட்டும் வயல் மிஞ்சியது. வீட்டில் ஒரு வெண்கலப் பானை, ஒரு கல்சட்டி, அரிவாள்மணை, பாய்கள், ஓலைக்குடை ஒன்று. மழை இல்லாத நாளில் அந்தக் குடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஆச்சி வத்தல் காயவைப்பாள். குடையாக இருந்தாலும் சும்மா இருக்கக்கூடாது.

என் அப்பா திருநெல்வேலியில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. டவுனில் ரத வீதிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. காப்பி என்பது எங்கள் தெருவுக்குள் நுழைந்த புதுசு. எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது வண்டியிலேயே அப்பாவுக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அவங்க ரெண்டு பேரும் எவ்வளவு நிம்மதியா இருக்காங்க பாத்தியா? ஒரு சாமான் கெடையாது. நாமளும் அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

பொங்கல் கரும்பைப் போல இதுவும் நாலு நாளில் தீர்ந்துவிடும் என்று அம்மா நினைத்திருப்பாள்.

தீரவில்லை. மறுநாள் காலையிலேயே அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். முறுக்கு உரலைக் காட்டி, "இது இன்னைக்கு என்ன வேலை செஞ்சுது?" என்று கேட்டார். தை மாதத்தில் முறுக்கு உரல் என்ன வேலை செய்யும்? அது அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அந்தத் தீபாவளிக்கு எங்கள் உரலையே அம்மா இரவல் வாங்கி வந்து முறுக்குச் சுட்டதும், "பத்திரமா திருப்பித் தந்திருங்க" என்று அடுத்த வீட்டு மாமி சொல்லியனுப்பியதும் பின்னால் நடந்த கூத்து.

அம்மாவும் சளைத்தவள் இல்லை. பெரிய உருளியைக் காப்பாற்ற அதில் கீரை கழுவினாள். அண்டாவில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பித்தளைத் தூக்கில் எனக்கு மோர் தந்தாள். சாயங்காலம் அப்பா கேள்வியோடு வந்தால், "கீரை கழுவிச்சு", "தண்ணி நின்னுது", "மோர் சுமந்துது" என்று வரிசையாகப் பதில் வரும். அப்பா தலையாட்டிவிட்டுப் போவார். எளிய வாழ்க்கை தொடங்கியபின் எங்கள் வீட்டில் துலக்குகிற பாத்திரம் இரண்டு மடங்கு ஆனது.

அப்பாவின் சாமான்கள் மட்டும் எப்படியோ தப்பித்தன. யாரோ ஒரு துரை சீமைக்குப் போகும்போது ஏலத்தில் எடுத்த சுவர்க் கடிகாரம் ஒன்று கூடத்தில் தொங்கியது. வந்த நாளிலிருந்து அது ஓடியதில்லை. "அது வீட்டுக்கு ஒரு மதிப்பு" என்பார். சாய்வு நாற்காலிக்கோ விசாரணையே கிடையாது.

கடைசியில் அவர் கண் ஊஞ்சலில் விழுந்தது.

அது அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது. அகலமான பலகை, பித்தளைச் சங்கிலி. "இது என்ன வேலை செய்யுது?" என்று அப்பா கேட்டபோது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் பதில் எனக்கே தெரியும். அப்பா கச்சேரிக்குப் போய், சமையல் கட்டு ஒழிந்த பிறகு அம்மா அதில் வந்து உட்காருவாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, பைய ஆடிக்கொண்டு, சும்மா இருப்பாள். நாள் முழுக்க அவள் உட்காருவது அந்த ஒரு பொழுதுதான். ஆனால் சும்மா இருப்பதை வேலை என்று ஒரு பெண்பிள்ளை எப்படிச் சொல்வாள்?

தச்சநல்லூரில் அப்பாவுக்குத் தெரிந்த மண்டிக்கார அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஊஞ்சலை அவருக்குத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனித் தேரோட்டத்தின்போது வண்டி அனுப்புவதாக ஏற்பாடு. ஊஞ்சலைக் கழற்றிப் பின்கட்டு மூலையில் சாத்தினார்கள். அன்றிலிருந்து மத்தியானங்களில் அம்மா கூடத்துப் பக்கமே வரவில்லை. எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

தேர் பார்க்கத் தாத்தாவும் ஆச்சியும் வந்தார்கள். வெறிச்சோடிய கூடத்தை அப்பா பெருமையாகச் சுற்றிக் காட்டினார். தாத்தா அண்ணாந்து வெறும் கொக்கிகளைப் பார்த்தார்.

"ஊஞ்சல் எங்கலே?"

"எல்லாம் உங்க வழிதாம்பா. உங்க வீட்டுல ஊஞ்சலா இருக்கு?"

"எங்க உத்தரத்தைச் செல்லு அரிச்சுப் போட்டுதுலே! அதுல ஊஞ்சலைப் போட்டா கூரை மடியில வந்து உக்காரும்."

ஆச்சி வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் கச்சேரிக் குமாஸ்தா அல்லவா, சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "சரி, அது என்ன வேலை செய்யுதுன்னு யாராவது சொல்லட்டும். இங்கனயே மாட்டிருதேன்."

தாத்தாவால் தன் கேள்வியையே தட்ட முடியுமா? "அதுவும் நியாயம்தான்" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். மாமனாருக்கு எதிரே நின்று பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. வாசலில் வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் கேட்டது. தச்சநல்லூர் வண்டி வந்துவிட்டது.

"அம்மா அதுல உக்காருவா தாத்தா!" என்று கத்தினேன். "வேற எங்கயும் உக்காரவே மாட்டா!"

தாத்தா கூடத்தை ஒருமுறை பார்த்தார். சாய்வு நாற்காலி கண்ணில் பட்டது.

"இது என்ன வேலை செய்யுது?"

"கச்சேரி விட்டு வந்தா கொஞ்சம் சாஞ்சுகிடுவேம்பா."

"அவ எங்கன சாஞ்சுகிடுவா?"

அப்பா தானே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தாத்தா கீழே பலகையைப் பிடித்துக்கொண்டார். வந்த வண்டியை வெறுமனே அனுப்பக்கூடாது என்று தாத்தா சொன்னதால் ஓடாத கடிகாரம் அதில் ஏறிப் போயிற்று. அண்ணாச்சி அதைத் தம் மண்டியில் மாட்டிவைத்ததில் அவர் மதிப்பும் உயர்ந்ததாகக் கேள்வி.

அன்று தேங்காய்ப்பால் விட்ட சொதியும் இஞ்சிப் பச்சடியும். எல்லோருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு. ஊஞ்சல் பழைய இடத்தில் தொங்கியது. அம்மா சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். மாமனார் மாமியார் இருக்கும்போது மருமகள் உட்காருவது எங்கள் வீடுகளில் நடக்காத காரியம், அதுவும் ஊஞ்சலில்.

தாத்தா ஓலைக்குடையைக் கையில் எடுத்தார். "ஏட்டி, கெளம்பு. குறுக்குத்துறைக்குப் போயி ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வருவோம்."

"இந்த உச்சி வெயில்லயா? காலையிலதான குளிச்சோம்!" என்றாள் ஆச்சி.

தாத்தா ஊஞ்சலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். ஆச்சி உடனே எழுந்து, "ஆமா, எனக்கும் மேலு கசகசன்னுதான் இருக்கு" என்று சேலையை உதறிக்கொண்டாள்.

"நீயும் வாலே" என்றார் தாத்தா. சொதிச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காமல் அப்பா இருந்ததே இல்லை. சாய்வு நாற்காலியை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரும் படியிறங்கினார்.

மூன்று பேரும் ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே சங்கிலி கிரீச்சிட்டது.