ஆலை ஊர்களின் பயம்

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும், காலையில் ஜன்னலைத் திறந்ததும் காற்றை முகர்ந்துதான் பார்க்கிறேன். தெருக்கோடியில் கியர் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. நான் வேலை பார்ப்பதும் அங்கேதான். ஆனால் காற்றில் ஒரு நெடியும் இருக்காது. நெடியில்லாத ஆலையை நம்ப எனக்கு இன்னும் வரவில்லை. எதிர்வீட்டு மோனிகாவும் அதே ஆலையில்தான் இருக்கிறாள். நான் முகர்வதைப் பார்த்துவிட்டு, தான் மீன் பொரித்த வாசனை என்னைத் தொந்தரவு செய்வதாக நினைத்து ஒருநாள் மன்னிப்புக் கேட்டாள். நான் தேடுவது விஷவாயுவை என்று சொல்லுமளவு அப்போது எனக்கு ஜெர்மன் தெரியாது. 'நைன், நைன்', இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அதன்பிறகு அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் மீன் பொரித்தாள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போன காலத்தில், சிதம்பரம் சாலையில் ரசாயன ஆலைகள் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் பொத்தமாட்டேன். அப்பா அங்கேதான் ஓர் ஆலையில் இருந்தார். ஒருநாள் திரும்பும்போது பஸ்ஸை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். வாயு கசிகிறதாம். துணியால் வாயைப் பொத்திக்கொண்டு ஜனங்கள் எதிரே ஓடிவந்தார்கள். அப்பா போனை எடுக்கவில்லை. ஓடிவந்த ஒவ்வொரு முகத்திலும் அவரைத் தேடினேன். கடைசியில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஈரத்துண்டோடு இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டை வாங்கி மறுபடி நனைத்துக் கொடுத்தேன்.

இனி போகவேண்டாமென்று அம்மா அழுதாள். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. "எல்லாரும் பயந்து ஊட்ல குந்திக்கினா மருந்து எங்கருந்து வரும், சாயம் எங்கருந்து வரும்? எவனாவது செஞ்சிதான ஆவணும்" என்றார். இருமல் அடங்குமுன்பே வேலைக்குப் போய்விட்டார். பொருள் செய்கிற நாடுதான் நிமிர்ந்து நிற்கும் என்று எங்களுக்குப் பொருளாதார வகுப்பில் நடத்தினார்கள். செய்கிறவன் திரும்பும்வரை அவன் வீட்டில் இருக்கும் பயம் அந்தப் பாடத்தில் வரவில்லை.

சென்ற மாதம் ஆலையில் எங்களைக் கூட்டி, ஒரு பிரிவை மூடி இந்தியாவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். மோனிகாவும் அவள் கணவனும் அந்தப் பிரிவில்தான். ரொட்டிக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை இந்த ஊரே அந்தச் சம்பளத்தில் ஓடுகிறது. ஆலையிலிருந்து என்ன வெளியே வருமோ என்று கடலூரில் நாங்கள் பயந்தோம். இவர்களுக்கோ ஆலையே வெளியே போய்விடுமோ என்று பயம். உன் நாட்டுக்குத்தானே போகிறது, உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றாள் மோனிகா. குத்தலா, நிஜமாகவே கேட்டாளா, எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே கடலூரிலிருந்து தம்பி ஸ்டீபன் கூப்பிட்டான். அப்பா இப்போது மூச்சிரைப்போடு வீட்டில் இருக்கிறார், இவனுக்கும் வேலையில்லை. சென்னைப் பக்கம் புதிதாக வரும் ஆலையில் இன்டர்வியூவாம். அங்கே நெடி வருமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வராதுக்கா. கியர் செய்யற கம்பெனி. கெடைக்கணும்னு வேண்டிக்க."

எந்தக் கம்பெனி என்று கேட்காமல், வேண்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு தேவாலயப் பூசையில் மோனிகா என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். ஆலை போகக்கூடாதென்று அவள் ஜெர்மனில் முணுமுணுத்தது எனக்குப் புரிந்தது. நான் தமிழில் தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். அவளுக்காகத்தான் வேண்டுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. நானும் அழுத்தினேன், உதடுகள் தமிழில் அசைந்துகொண்டே இருந்தன.