ஆட்டுக்குப் போட்ட கீழாநெல்லி

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஆவணி மாதம். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில், வேங்கிக்கால் ஏரிக்குக் கீழே நடந்தது இது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அப்போது ஓர் இடத்தில் நாலு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. செங்கல் சூளை, லாரி கிளீனர், மல்லாட்டைக் கொல்லையில் களையெடுப்பு என்று கிடைத்த வேலைக்குப் போவேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். படுக்கை கோயில் மதிலோரம். மழை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான்.

ஏரிக்குக் கீழே ஓர் அக்கா மூலிகைத் தோட்டம் வைத்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். தூதுவளை, வல்லாரை, கரிசலாங்கண்ணி, கற்பூரவல்லி என்று பாத்தி பாத்தியாகப் போட்டிருந்தார். காலையில் பறித்துக் கூடையில் வைத்துக் கோயில் வாசலில் விற்பார். மழை பெய்து தோட்டம் முழுக்கப் புல் மண்டிவிட்டதால் களை எடுக்க என்னைக் கூப்பிட்டார்.

"பாத்துப் பண்ணுப்பா. சந்தேகம்னா தொடாத, நான் வந்துடறேன்" என்றார்.

"களைதானேக்கா? கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்" என்றேன்.

அவர் கூடையோடு போனதும் வேலையில் இறங்கினேன். மல்லாட்டைக் கொல்லையில் பெண்கள் பாடும் பாட்டு ஒன்று எனக்கு மனப்பாடம். அது வாயில் வந்தால் கை தானாக ஓடும்.

கோரையப் பிடுங்கடி கொல்லையிலே
குப்பைமேனி பிடுங்கடி வரப்பினிலே
கீழாநெல்லி பிடுங்கடி ஈரத்திலே - அதக்
கிழக்கால வீசடி வெயிலினிலே

பாட்டு சொன்னபடியே செய்தேன். வாய்க்கால் ஓரத்துப் பாத்தி முழுக்கக் கீழாநெல்லி. வரிசையாக இருந்தது. அதுகூட என் புத்தியில் உறைக்கவில்லை. ஒரு செடி விடாமல் பிடுங்கினேன். மறுபடி வேர் பிடிக்காமல் இருக்க, நல்ல களைக்காரன் செய்வதுபோல மண்ணை உதறி வெயிலில் போட்டேன். பிறகு, வீணாகப் போவானேன் என்று அள்ளி, தோட்டத்து ஓரம் கட்டியிருந்த அவர் ஆட்டுக்கே போட்டேன். ஆடு சந்தோஷமாகத் தின்றது.

அக்கா பத்து மணிக்குத் திரும்பி வந்து, வெறும் பாத்தியைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?"

"களைக்கா. கீழாநெல்லி..."

"கீழாநெல்லின்னு தெரிஞ்சேவா பிடுங்கின?"

தெரிந்தேதான் பிடுங்கினேன். அதை யாராவது விதைத்து வளர்ப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. அக்கா திட்டவில்லை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் ஒரு பெண் வருவாளாம். அவள் புருஷனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரி மருந்தோடு, வைத்தியர் சொன்னபடி கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கொடுக்கிறாள். இன்னும் ஐந்து நாள் பாக்கி. "நான் தரேன், நீ எங்கயும் அலையாதன்னு அவகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். நாளைக்கு அவ வந்து நின்னா நான் இன்னா சொல்றது?" என்றார்.

எனக்குக் கூலி கேட்க வாய் வரவில்லை. வேறு நாளாக இருந்தால் அப்படியே ஊரை விட்டுக் கிளம்பியிருப்பேன். அது எனக்குப் பழக்கம்தான். அன்றைக்கு மட்டும் ஏனோ கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறியது. அந்தப் பக்கம் களையெடுப்பு நேரம், களையோடு கீழாநெல்லியும் கிடைக்கும். வழியில் ஒரு கொல்லையில் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அதே பாட்டு கேட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன்.

"கீழாநெல்லிய வெயில்ல போடாதீங்க, எனக்குக் குடுங்க!"

பாட்டு நின்றது. ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "களைய கேட்டு வந்த மொதோ ஆளு நீதான்யா. பொண்டாட்டி கொழம்பு வைக்கக் கேட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். ஆடு தின்ற இடத்தில் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். காமாலை என்றதும் சிரிப்பு அடங்கியது. வரிசையின் முதலில் இருந்த அம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். "நீ பிடுங்கினா உதறிடுவ" என்று களைக்கொட்டால் ஒவ்வொரு செடியையும் மண்ணோடு தோண்டி எடுத்தார். மற்றவர்களும் அப்படியே எடுத்துத் தந்தார்கள். அவர் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பம்ப்செட் தண்ணீரில் நனைத்து, அதில் எல்லாவற்றையும் கட்டினார். உச்சி வெயில். அந்த அம்மா வெறுந்தலையோடு மறுபடி வரிசைக்குப் போனார்.

"துணிய எப்படிம்மா திருப்பித் தரது?"

"தர வராத. வந்தா ஒரு வரிசை களையெடுக்க வச்சுடுவேன்."

பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அக்கா மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு செடிகூட வாடவில்லை. இரண்டு பேருமாக நட்டுத் தண்ணீர் விட்டோம். "ஆட்டை அந்தப் பக்கம் கட்டு. உன்னையும் சேர்த்துக் கட்டணும்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். அக்கா ஒரு கைப்பிடி பறித்துக் கொடுத்தார். அவள் வழக்கம்போல வாங்கிக்கொண்டு போனாள். முந்தின நாள் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் புருஷன் பிறகு எழுந்து வேலைக்குப் போனதாக அக்கா சொன்னார். எந்த மருந்தால் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தத் தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அதுவரை நான் எங்கேயும் அவ்வளவு நாள் தங்கியதில்லை.

இப்போதும் களை எடுக்கக் குனிந்தால் அந்தப் பாட்டு வந்துவிடும். மூன்றாவது வரியில் மட்டும் வாய் நின்றுபோகும். இதற்காக நாளைக் காலையில் யாராவது வந்து நிற்பார்களோ என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் கை அடுத்த செடிக்குப் போகும்.