கொடியில் காய்ந்த ஹெட்போன்

இந்தக் கோடையில் நான் செய்த ஒரு காரியத்தை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திட்டினாலும் எனக்குக் கேட்காது. ஒரு பெண்ணுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் படித்துக் கொடுக்கவேண்டிய பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு, நான் மூன்று வாரம் ஹெட்போன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் செல்வி. கண் தெரியாது. தபால் வழியில் பி.ஏ. வரலாறு. ஒரே ஒரு பேப்பர் பாக்கி, அதில் இரண்டு முறை போய்விட்டது. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள் — ஜூலைக்குள் டிகிரியோடு வந்தால். அம்மா அஞ்சலை மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். புத்தகத்தை கேசட்டில் படித்துத் தர ஆள் தேடினார்கள். குரல் நன்றாக இருக்கும் என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட வதந்திகளை நான் மறுப்பதில்லை.

பின்னறையில் மைக், டேப் ரெக்கார்டர், என்னுடைய பழைய ஸ்டுடியோ ஹெட்போன். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காதில் படுகிற ரெக்ஸின் உரிந்து உரிந்து உதிரும். மாட்டிக் கழற்றினால், "காதுல என்ன கரி?" என்பார் மனைவி.

நாலு பாடம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் குயிலாப்பாளையத்தில் சின்னதாக ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். அங்கே பிடித்தது சனி.

"சாதா ஹெட்போன் கல்யாண ஆல்பம் சார். மானிட்டர் ஹெட்போன் வாக்காளர் அட்டை போட்டோ. உள்ளதை உள்ளபடி காட்டும்" என்று சொல்லி, புது மாடல் ஒன்றை என் தலையில் மாட்டினார். என் கேசட்டையே போட்டார்.

கேட்டேன். நான் எச்சில் விழுங்குவது கேட்டது. பக்கம் திருப்பும்போது என் மூக்கு விசில் அடிப்பது கேட்டது. இரண்டாம் பாடம் முழுக்க ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது. பின்னணியில் விடாமல் ஒரு 'ஸ்ஸ்ஸ்'...

இதையா ஒரு மாணவிக்குக் கொடுத்தேன்? வெட்கமாகப் போயிற்று. முடித்த நாலையும் திரும்ப ரெக்கார்ட் செய்தேன். பழைய ஹெட்போனில் கேட்டால் திருப்தி வரவில்லை. மறுபடியும் செய்தேன். இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் நண்பரே புது மாடல் வாங்கி வந்து தருவதாகச் சொன்னார். பரீட்சைக்கு இருந்ததோ ஐந்து வாரம். பாக்கி எட்டுப் பாடம். காத்திருப்பதா, இருப்பதை வைத்து ஓட்டுவதா? தரத்தில் சமரசம் கூடாது என்று முடிவெடுத்தேன். சோம்பேறித்தனத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வாரம் மூன்றாயிற்று. நண்பரைக் காணோம். அஞ்சலையம்மா வந்து வாசலில் நின்றார்.

"மீதி கேசட்டு கேட்டுது சார் பொண்ணு."

சத்தப் பிரச்னையை அவருக்கு விளக்க முடியவில்லை. செல்வியிடமே நேரில் நிரூபித்துவிடலாம் என்று, ரெக்கார்டரையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். அம்மா உப்பு வாருகிற நேரமெல்லாம் செல்வி உட்கார்ந்து படிப்பது மோட்டார் கொட்டகையில். ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன்.

"கேக்குதாம்மா? 'ஸ்ஸ்'னு?"

"கேக்குது சார்."

"அதான் பிரச்னை."

"மோட்டார் ஓடறப்ப உங்க குரலே பாதிதான் சார் கேக்கும். இது எங்க கேக்கப்போவுது?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொல்லட்டுங்களா? ராஜா பேசற இடத்துல நீங்க ராஜா மாதிரியே பேசறீங்க. வருஷம் வர்ற இடத்துல கடகடன்னு ஓடிடறீங்க. எனக்கு வருஷம்தான் சார் மார்க்கு. நடுவுல ஜோக்கு வேற. அத எக்ஸாம்ல எழுத முடியாது."

பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

"ஆடு?" என்று கேட்டேன்.

"ஆடு பரவால்ல சார்."

ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த உப்பு மூட்டை மேல் வைத்துவிட்டு, முகத்தில் காற்று படட்டும் என்று வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பி வந்தால் மூட்டை மேல் ஹெட்போன் இல்லை. கொட்டகைக்கு வெளியே கொடியில், அஞ்சலையம்மாவின் தலைத்துண்டுக்கும் ஒரு சாக்குக்கும் நடுவில், சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உப்பு ஏறிப்போச்சி சார். அப்டியே வுட்டா நாலு நாள்ல தின்னுப்புடும். அதான் நல்ல தண்ணியில முக்கி அலசிட்டேன்" என்றார் அஞ்சலையம்மா.

உப்பளத்தில் அதுதான் வழக்கம். மண்வெட்டியோ, சைக்கிள் செயினோ, கால் விரலோ — உப்பு பட்ட எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார்கள். நல்ல தண்ணீர் அங்கே கிடையாது. காலையில் ஊரிலிருந்து தலையில் சுமந்து வருகிற ஒரு குடம்தான், அன்று பகல் முழுக்க இரண்டு பேருக்குக் குடிக்க. குடத்தை எட்டிப் பார்த்தேன். கால்வாசிகூட இல்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை ஹெட்போன் இல்லாமலே உட்கார்ந்தேன். காதில் எதுவும் இல்லாமல் மைக் முன்னால் பேசுவது சட்டை போடாமல் கல்யாணத்துக்குப் போவது போல இருந்தது. முதல் பத்து நிமிஷம்தான். அப்புறம் ஒன்று கவனித்தேன். ஹெட்போன் மாட்டியிருந்தபோது நான் படித்தது எனக்கு. என் குரல் என் காதுக்குள் வந்து என்னையே தட்டிக்கொடுக்கும். அது இல்லாதபோது படிப்பதற்கு எதிரில் வேறு யாராவது தேவைப்பட்டார்கள். செல்வியை நினைத்துக்கொண்டேன். பக்க எண் சொன்னேன். வருஷங்களை இரண்டு முறை சொன்னேன். ராஜாக்கள் எல்லாரும் என் சொந்தக் குரலிலேயே பேசிவிட்டுச் செத்தார்கள். எட்டுப் பாடம், எட்டு நாள். பரீட்சைக்கு ஐந்து நாள் முன்னால் கடைசி கேசட் போய்ச் சேர்ந்தது.

அலசிய ஹெட்போனில் இப்போது இடது காது மட்டும் வேலை செய்கிறது. நண்பர் ஒருவழியாகப் புது மாடலோடு வந்து, "வேணுமா, வேற ஆளுக்குக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் ஞானம் பெற்றுவிடவில்லை. ஆசை அப்படியே இருக்கிறது. செல்விக்காக என்று சொல்லி அதை வாங்க முடியாது... அவ்வளவுதான் மாறியிருக்கிறது.

போன வாரம் ரிசல்ட். ஐம்பத்து மூன்று, பாஸ். அம்மாவும் பெண்ணும் சாத்துக்குடியோடு வந்தார்கள். ஜூலை முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பள்ளியில் பேசியாகிவிட்டதாம். கிளம்பும்போது செல்வி வாசலில் நின்று கேட்டாள்:

"கடைசி எட்டு கேசட்டு ரொம்ப நல்லா இருந்திச்சி சார். யாரு படிச்சாங்க?"