வரிசையில் கடைசிப் பெயர்

அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றங்கரையில் பீப்பாய் செய்து பிழைத்தவன் அமாசா பைக். போதகராகியே தீருவேன் என்று இருபத்தேழு வயதில் உளியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு லத்தீன் படிக்க உட்கார்ந்தான். கல்லூரி என்ன பெரிய கல்லூரி, ஒரு வீட்டு மாடிதான். முதல் மாணவர்கள் ஒன்பதே பேர்.

அந்த ஒன்பது பெயரையும் அவரவர் அப்பாவின் அந்தஸ்துப்படி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையிலும் ஜெபத்திலும் அதே வரிசை. நீதிபதி மகன் பெலேக் ஓல்காட் முதல், அமாசா கடைசி. தப்புச் செய்தால் பெயரைக் கீழே இறக்குவார்கள். குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால்தான் ஆசிரியர் ஹாஸ்கின்ஸ், மாணவர்களுக்கு வந்த பன்றிக்கறியைத் தன் வீட்டுக்கு அனுப்பியபோதும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் கல்லூரியை நடத்தும் பெரியவர்கள் வந்து, குறை உண்டா என்று கேட்டார்கள். பெலேக் தன் செருப்பையே பார்த்தான். அமாசா எழுந்தான்.

“இருக்குங்கய்யா. கூழில புழு நெளியுது. சின்னப் பசங்க ரெண்டு பேரு வயித்துக் கடுப்பில படுத்துக் கிடக்கானுங்க. கறி எங்க போச்சுன்னு ஹாஸ்கின்ஸ் ஐயா வீட்டு அடுப்பைக் கேளுங்க.”

“ஆசிரியரை எதிர்த்துப் பேசுறான். பேரை இறக்குங்க,” என்றார் ஹாஸ்கின்ஸ்.

இறகுப் பேனாவை எடுத்த பெரியவர் தலையைச் சொறிந்தார். “எங்கய்யா இறக்குறது? இவனுக்குக் கீழே ஆளே இல்லையே.”

“அப்ப வெளியே அனுப்புங்க.”

அமாசாவின் போதகர் கனவு அத்தோடு சரி. ஆனாலும் அவன் உட்காரவில்லை, பாருங்கள். அதுதான் ஆள்.

“அனுப்புறதுன்னா அனுப்புங்க. சொன்னது சொன்னதுதான்.”

பெலேக் எழுந்தான். “அண்ணன் எங்களுக்காகத்தான் பேசினாரு. என் பேரை அவருக்குக் கீழே எழுதுங்க.”

“தம்பி, உங்கப்பா நீதிபதி.”

“தெரியுங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“என் பேரையும்,” என்றான் அடுத்தவன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். படுத்திருந்த இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒன்பது பேரையும் அனுப்பிவிட்டால் கல்லூரி ஏது? அந்த வாரமே ஹாஸ்கின்ஸ் மூட்டை கட்டினார். சுவரில் புது வரிசை ஏறியது.

பட்டமளிப்பு அன்று பெயர்ப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார்கள். அமாசாவின் அப்பா கண்ணைச் சுருக்கி, கடைசி வரியில் விரல் வைத்துத் தேடத் தொடங்கினார்.

“அங்க இல்லப்பா,” என்றான் அமாசா. “மேல பாருங்க.”