இரண்டேகால் வளையலும் ஒச்சம்மாள் கையும்

1983-ம் வருஷம் ஆனி மாதத்தில் கொச்சி மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. கமலாக்ஷி விலாஸ் ஓட்டல் முதலாளி சிவராமகிருஷ்ணன், வேலை கேட்டு வரும் பெண்களிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை, கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார் என்று. முதலாளி சாமி ஜோசியத்தில் இறங்கிவிட்டார் என்றது ஒரு கட்சி. படகுத்துறையில் வெற்றிலை விற்பவள் ஒருத்தி மகளை அழைத்துப் போய்க் கல்யாண ரேகை எப்படி என்று கேட்டதாகவும், அவர் கையைப் பார்த்துவிட்டு "பெரிசு, ஆகாது" என்று திருப்பி அனுப்பியதாகவும், அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததாகவும் சொன்னார்கள்.

விசாரித்தால், பேச்சில் பாதி நிஜம். சாமி கையைப் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது ரேகையை இல்லை, சுற்றளவை. கல்லாப்பெட்டிக்குள், கிழிந்த நோட்டுகள் வைக்கும் அறையில், ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் வைத்திருந்தார். இரண்டேகால் அங்குலம். வேலைக்கு வருகிறவள் விரல்களைக் குவித்து அதற்குள் கையை விட வேண்டும். வளையல் முட்டாமல் மணிக்கட்டுக்குப் போனால் வேலை உண்டு. முட்டினால் ஒரு சாயா கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தச் சாயாவுக்குக் காசு வாங்கினார் என்பது மட்டும் பொய்.

இந்த வளையலுக்குக் காரணம் ஒச்சம்மாளின் கை.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த கணவனோடு கொச்சிக்கு வந்தாள். அவன் அடுத்த கட்டடத்துக்கு மங்களூர் போனான். அந்தக் கட்டடம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. 1974-ல் அவள் கமலாக்ஷி விலாஸில் சேர்ந்தபோது பத்து ரொட்டி மசாலுக்குப் பிடி வைத்துக் காட்டச் சொன்னார்கள். வைத்தாள். பத்தும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்து, இது கையா அச்சா என்று சாமியே வியந்தார். வியந்ததற்கு அடையாளமாகச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையைக் கொடுத்தார். மசால் வைக்கிறவளுக்குத்தான் அந்த அறை; வேலை போனால் அறையும் போகும். அறை பெரிதில்லை. காலை நீட்டிப் படுத்தால் தலை சுவரில் இடிக்கும். ஆனால் வாசலிலேயே ஒரு குடிதண்ணீர்க் குழாய். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் மட்டாஞ்சேரியில் இது சின்ன விஷயமில்லை. தெருவில் ஒச்சம்மாளுக்குக் கிடைத்த மரியாதையில் முக்கால் பங்கு அந்தக் குழாய்க்குத்தான்.

ரொட்டி மசால் சாமியின் கண்டுபிடிப்பு. இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் ஒரு பிடி உருளைக்கிழங்கு மசால், தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் அமுக்கி எடுத்தது. கூடத் தேங்காய்ச் சட்னி. மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர் ஒன்று தின்றுவிட்டு மத்தியானம் வரை தூக்கலாம். 1974-ல் நாற்பது பைசா. ஃபோர்ட் கொச்சியில் இரண்டாவது கடை, எறணாகுளம் படகுத்துறையருகே மூன்றாவது கடை என்று சாமி பெருகினார். மசாலை மட்டாஞ்சேரியில் கிண்டித் தகர டின்களில் படகில் அனுப்புவார்கள். அங்கங்கே ஒருத்தி பிடி வைப்பாள்.

கடை பெருகப் பெருகப் பண்டம் சிறுத்தது. இதற்குச் சாமி ஒரு முறை வைத்திருந்தார். விலையை ஏற்றுவது எப்போதும் ஆவணி முதல் தேதி, மலையாள வருஷப் பிறப்பன்று. அன்றைக்கு எல்லோருக்கும் பாயசம் இலவசம். பாயசத்தைக் குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், சுவரில் புதுப் பலகை தொங்கும். ஐம்பது பைசாவான வருஷம் நெய் போய் டால்டா வந்தது. எழுபத்தைந்தான வருஷம் முந்திரி போனது. ஒரு ரூபாயான வருஷம், பன்னிரண்டு துண்டு போட்ட ரொட்டியைப் பதினாறு போட்டார்கள்; வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே இருப்பவர் யாரென்று தெரிந்தது. 1982-ல் ஒன்றேகால் ரூபாய்; சட்னியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஆனது. பாயசமும் தம்ளரிலிருந்து கிண்ணத்துக்கும், கிண்ணத்திலிருந்து கரண்டிக்கும் இறங்கியது.

இறங்காதது ஒன்றுதான் மிச்சம்: மசால் பிடி. அறுபது கிராம். சாமி நாற்பது போதும் என்று கணக்குப் போட்டு ஒரு கரண்டி வாங்கிக் கொடுத்தார். ஒச்சம்மாள் அந்தக் கரண்டியால் கோபுரம் கட்டினாள். கூட்டம் சேர்ந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளினாள். வேண்டுமென்று செய்தாளா என்றால், அவளுக்கே தெரியாது. கை போய் அள்ளும், ரொட்டியில் வைக்கும், அடுத்ததற்குப் போகும். ஒன்பது வருஷப் பழக்கம்.

சாமி தட்டு வாங்கும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒச்சம்மா, கையைக் கொஞ்சம் சுருக்கப்படாதோ?" என்றார்.

"கையென்ன சாமி, குடையா?"

அதற்குப் பிறகுதான் வளையல் வந்தது.

முதலில் ஒச்சம்மாளுக்கே போட்டுப் பார்த்தார். அது விரல் முட்டியைத் தாண்டவில்லை. இன்னும் அமுக்கினால் உடைந்துவிடும் என்று சாமியே உருவிக்கொண்டார். அந்த மாதம் முழுக்கப் பதினொரு பெண்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டாவதாக வந்த மாயம்மாளின் கை, தபால் பெட்டிக்குள் கடிதம் போவது மாதிரிச் சத்தமில்லாமல் உள்ளே போனது. அவளும் தெற்குப் பக்கத்துப் பெண்தான். நல்ல சுபாவம். அறையும் குழாயும் யாருடையது என்று தெரியாமல், அந்தக் குழாயிலேயே முகம் கழுவிவிட்டு வேலைக்கு வந்து நின்றாள்.

சிவராமகிருஷ்ணன் அநியாயக்காரர் இல்லை. ஒன்பது வருஷம் வேலை செய்தவளைச் சும்மா போ என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. காரணத்தோடு சொல்ல விரும்பினார். இருவரும் ஆளுக்குப் பத்துப் பிடி வைக்கட்டும், நிறுத்துப் பார்ப்போம், ஒச்சம்மாள் பிடி கூடுதலென்று எல்லோர் முன்னாலும் தெரியட்டும், அப்புறம் மாயம்மாளுக்கு அறையைக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார். நிறுக்க வெங்கிடாசலத்தை வரச் சொன்னார்.

வெங்கிடாசலம் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் தராசுக்காரர். மூன்று தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் மலையாளம், கணக்கென்றால் தமிழ். இருபது வருஷமாக மூன்றரை மணிக்குக் கமலாக்ஷி விலாஸில் ஒரு ரொட்டி மசால் சாப்பிடுகிறவர். அவர் சொன்ன எடையை யாரும் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை. கூலி என்ன என்று சாமி கேட்டதற்கு, கிடங்கு வழக்கம்தான் என்றார். நிறுத்த சரக்கில் தராசுக்காரருக்கு ஒரு பிடி. சாமிக்கு அது மலிவாகப் பட்டது.

ஆடி மாதம், விடாத மழை. மத்தியானக் கூட்டத்துக்கு முன்னால் ஒச்சம்மாள் பத்துப் பிடி வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய மசால், ஆவி பறந்தது. அன்றைக்கு அவள் கையைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே வைத்தாள் என்று உடனிருந்த சமையல்காரர் சொல்கிறார். கை வழக்கம்போலத்தான் அள்ளியது. வெங்கிடாசலம் ஒவ்வொன்றையும் தராசில் இட்டார். மசாலைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எண்ணைக் கூவினார்.

சாமி எண்ணைத்தான் கேட்டார், தராசைப் பார்க்கவில்லை. கல்லாவை விட்டு எழுந்து அவருக்குப் பழக்கமில்லை. மூன்று கடை வந்த பிறகும் அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்தது வீட்டுக்குப் போகத்தான். ஜன்னல் வழியாக வந்த எண்ணை எழுதிக் கூட்டினார். பத்துப் பிடியும் சேர்த்து நானூறு கிராம்.

கூட்டம் ஓய்ந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் இறுகிக் கிடந்த மசாலில் மாயம்மாள் பத்து வைத்தாள். கூட்டினால் நானூற்றுப் பத்து.

சாமி மறுபடி கூட்டினார். பிறகு ஜன்னலில் கேட்டார்: "ஓய் வெங்கிடாசலம், இது செரியாக்குமோ?"

"என் தராசுல இன்னிவரை ஒருத்தரும் செரியான்னு கேட்டதில்ல, சாமி."

அதற்கு மேல் கேட்க முடியாது. கேட்டால் ஜூ டவுன் முழுக்கப் பேச்சாகிவிடும். வளையல் கிழிந்த நோட்டுகளோடு படுத்துக்கொண்டது. மாயம்மாளை எறணாகுளம் கடைக்கு அனுப்பினார்கள். ஒச்சம்மாள் குழாயைத் திறந்து, ஒரு குடம் நிரம்பி வழியும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். மிளகுக் கிடங்கில் தராசுக்காரர் மொத்த எடையைக் கூவுவதில்லை. மழைக்காலச் சரக்கில் ஈரம் இருக்கும். விரலில் உருட்டிப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று மனசிலேயே கழித்து, மிச்சத்தைத்தான் கூவுவார். கணக்குப்பிள்ளை அதைத்தான் எழுதுவார். கொதிக்கக் கொதிக்க இருந்த ஒச்சம்மாள் மசாலில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்துக்குப் போய்விட்டது. மாயம்மாளின் உலர்ந்த மசாலில் கழிக்க அதிகமில்லாததால் பத்து கிராம்தான் போனது. உருளைக்கிழங்கு மசாலுக்கு ஈரக்கழிவு பார்த்த ஒரே ஊர் மட்டாஞ்சேரியாகத்தான் இருக்கும்.

பழக்கத்தில் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? வெங்கிடாசலத்திடம் கேட்டால், ஈரத்தைக் கழிக்காமல் எடை சொல்லத் தனக்கு நாக்கு வராது என்கிறார். மூன்றரை மணிக்குத் தான் தின்னும் ரொட்டி மசாலின் கனம் அப்போது ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டால், சாயா ஆறுகிறது என்கிறார்.

ஒச்சம்மாளுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. தட்டை வைக்கிற சாக்கில் அவரிடம் போய், "சேட்டா, அன்னிக்கு மெய்யாலும் நானூறுதானா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"உன் அறையில குழாய் வருதில்லியா?"

"வருது."

"பின்ன என்ன?"

அடுத்த மூன்று வருஷம் கமலாக்ஷி விலாஸில் ஒரு விநோதம் நடந்தது. பலகை எல்லாக் கடைக்கும் ஒன்று, கை வேறு. எறணாகுளத்தில் மாயம்மாளின் நாற்பது கிராம், மட்டாஞ்சேரியில் ஒச்சம்மாளின் அறுபது. சாமியின் நோட்டில் இரண்டும் நாற்பது. ஆனால் மசால் கிண்டுகிற மட்டாஞ்சேரியில் கிழங்கு மூட்டை நோட்டுக் கணக்குக்கு முன்பே தீர்ந்தது. எலி என்று நினைத்து இரண்டு பொறி வைத்தார். டின் ஏற்றும் படகுக்காரரைச் சந்தேகப்பட்டு மாற்றினார். கிழங்கு அப்படியும் கரைந்தது. நஷ்டத்தை ஈடுகட்ட எல்லாக் கடையிலும் விலையை ஏற்றினார்: ஒன்றரை, ஒன்றேமுக்கால். இடப்பள்ளி முக்கில் நாலாவது கடை திறந்தபோது, அங்கே வருகிறவர்களும் தெரியாமலே ஒச்சம்மாள் கைக்குச் சேர்த்துப் பணம் கட்டினார்கள். எறணாகுளத்து ஆபீஸ்காரர்கள் சிலர் சூட்சுமம் புரிந்து, சாயங்காலப் படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்து தின்றுவிட்டுப் போனார்கள். படகுக் கூலியைச் சேர்த்தாலும் லாபம்தான் என்றார்கள். சாமி அதைப் பழைய கடையின் கைராசி என்று எடுத்துக்கொண்டார்.

1986 ஆவணி முதல் தேதி இரண்டு ரூபாய்ப் பலகை தொங்கியது. பாயசம் ஒரு தேக்கரண்டி. அன்றைக்கு வெங்கிடாசலம் சும்மா இருந்திருக்கலாம். விலையைப் பார்த்த எரிச்சலில் கல்லா முன்னால் போய் நின்று, மூன்று வருஷமாகத் தன் தராசுக்கூலி வரவில்லை, ஒரு பிடி மசால் பாக்கி என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

சாமிக்குச் சந்தோஷம். அவருக்குக் கடன் வைத்துக்கொள்ளப் பிடிக்காது. அதிலும் மலிவான கடன்.

"தரேனே. ஆரோட கையால? உம்ம எடைப்படி ஒச்சம்மா பிடியாக்கும் சின்னது. பத்துக்குப் பத்து கிராம் கொறச்சல். அவ கையாலே வாங்கிக்கோரும்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஒச்சம்மா, ஒரு பிடி எடுத்துண்டு இங்கே வா. இலையில வை. நானும் ஒருதரம் பாக்கறேன்."

வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பின் பன்னிரண்டு வருஷத்தில் ஒச்சம்மாள் பிடி ரொட்டிக்குள் மறையாமல் ஜன்னலுக்கு வெளியே வந்ததில்லை. அந்த முதல் நாளுக்கப்புறம் சாமி அதைத் திறந்த இலையில் பார்த்ததே இல்லை. உள்ளே அவள் கை பாத்திரத்துக்கு மேல் அப்படியே நின்றது. கொஞ்சமாக எடுக்கலாமே என்று கேட்கலாம். எடுத்தாள். பார்த்தால் அறுபது. உதறிவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் அறுபது.

வெங்கிடாசலம் ஜன்னலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். சாமியின் மேஜையில் விரித்திருந்த இலையைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேண்டாம் சாமி. வயிறு செரியில்ல."

"அப்போ நாளைக்கி வாரும்."

நாளைக்கு ஏகாதசி என்றார். மறுநாள் கிடங்கில் சரக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் பல்வலி. ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்கு அவர் தன் ரொட்டி மசாலை இரண்டு ரூபாய் கொடுத்தே வாங்கித் தின்கிறார், இப்போது இரண்டேகால். ஒவ்வொரு நாளும் சாமி கல்லாவிலிருந்து ஞாபகப்படுத்துகிறார்: "ஓய், உம்ம பிடி பாக்கியாக்கும். சொல்லலைன்னு வேண்டாம்."

வெங்கிடாசலம் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஒச்சம்மாள் உள்ளேயிருந்து ஜன்னல் கதவைக் கொஞ்சம் சாத்துகிறாள்.