கலவை அக்கா பூசிய சுவர்

எங்கள் மார்க்கெட் கட்டடத்தில் கலவை அக்காவுக்குக் கடை கிடையாது. அவர் மகளுக்குத்தான் உண்டு, வாசலை ஒட்டிய தையல் கடை. எதிரே கடிகாரம் பழுதுபார்ப்பவன் நான். நாற்பது வருஷம் கட்டட வேலையில் சிமென்ட் கலவை சுமந்ததால் அக்காவுக்கு அந்தப் பெயர். விருந்துக்குப் போன வீட்டிலும் சுவரைத் தட்டிப் பார்த்து, மணல் அதிகம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

கட்டடத்தை இடிக்கப்போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்று காட்டினால் பழைய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், இடிக்க முடியாது. ஆதாரத்துக்கு எங்கே போவது? ஆளாளுக்கு அளந்துவிட்டோம். பழக்கடைக்காரர் இருநூறு வருஷம் என்றார். பாத்திரக்கடைக்காரர் முந்நூறுக்கு ஏற்றினார். விசாரிக்க வந்த எஞ்சினியர் பேனாவை மூடிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா மகளிடம் விஷயத்தைச் சொன்னார். தெருப் பக்கச் சுவரில், வாசலுக்கு அருகே, எழுத்து வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் பூசியது அக்காவேதான். அவருக்கு இருபது வயது இருக்கும்போது, கல் விரிசல் விட்டு அசிங்கமாக இருக்கிறது, மூடு என்றார் மேஸ்திரி. மூடினார். அப்போது அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. பிற்பாடு மகளின் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்து படித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தச் சுவர் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் பயந்துவிட்டாள். தெரிந்தும் இத்தனை வருஷம் சும்மா இருந்தாயா என்று எல்லாரும் ஏசுவார்கள், பேசாமல் இரு என்று கெஞ்சினாள்.

"ஏசட்டும். கட்டடம் போயிட்டா உன் மெஷினை எங்க கொண்டுபோய்ப் போடுவே?" என்றார் அக்கா.

மறுநாள் எஞ்சினியர் அலுவலகத்தில் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினார். சுவரில் இரண்டே இடத்தில் கொத்தலாம், அதற்குமேல் கூடாது.

மார்க்கெட்டே கூடி நின்றது, எஞ்சினியரும் வந்திருந்தார். கல் தன் நெஞ்சு உயரத்தில் இருந்ததாகச் சொல்லி, அங்கே உளியை வைத்தார் அக்கா. பூச்சு உதிர்ந்தது. உள்ளே வெறும் செங்கல். பாத்திரக்கடைக்காரர் சிரித்தார். அவர் கடை அண்டாவை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு. மகள் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து உள்ளே ஏற இப்போது ஒரே படி. அன்று அவர் கலவைச் சட்டியோடு ஏறியது மூன்று படி. வருஷாவருஷம் தார் மேல் தார் போட்டதில் மற்ற இரண்டும் ரோட்டுக்குள் போய்விட்டன.

"நான் நின்ன தெரு இப்ப கீழ இருக்கு," என்றார்.

இரண்டு படி உயரத்தைக் கையால் அளந்து கழித்து, இடுப்புக்கு நேராக உளியை வைத்தார். நாலாவது அடியில் சத்தம் மாறியது. பூச்சு உதிர்ந்து கல் தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து, கட்டியவர்கள் பெயரையும் ஆண்டையும் அவரே வாசித்தார். நூற்றுப் பதினெட்டு வருஷம்.

பாத்திரக்கடைக்காரர், தான் முதலிலிருந்தே நம்பியதாகச் சொல்ல ஆரம்பித்தார். எஞ்சினியர் அங்கேயே அறிக்கை எழுதி, எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அதில், யாரோ பூசி மறைத்துவிட்ட கல் என்று ஒரு வரி வந்தது.

"யாரோ இல்ல சார். நான்தான் பூசினேன்னு எழுதுங்க," என்றார் அக்கா.

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்கும்மா? அதான் கல்லு கிடைச்சிருச்சே. உங்களுக்குத்தான் கெட்ட பேரு," என்றார் எஞ்சினியர்.

"இருக்கட்டும். கட்டினவங்க பேரு கல்லுல இருக்கு. மூடினவ பேரு காகிதத்துலயாவது இருக்கட்டும்."

எஞ்சினியர் அந்த வரியை அடித்தார். அவர் மாற்றி எழுதி முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.